கோழிக்குத் தடை போடுமுன் வடிகாலைக் கட்டுங்கள்

நம் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றின் மன்றக் கூட்டத்தில் அண்மையில் ஒரு பொருள் விவாதத்துக்கு வந்தது. குடியிருப்புப் பகுதிகளில் கோழி வளர்ப்பதைத் தடை செய்வது, மீறினால் கோழிகளைப் பிடித்து அபராதம் விதிப்பது என்பதுதான் அந்தப் பொருள். குடிநீர்க் குழாய் பழுது, தெருவிளக்கு, மாதாந்திர வரவு செலவு ஆகியவற்றையெல்லாம் சில நிமிடங்களில் ‘ஒருமனதாக’ முடித்துவிட்ட மன்றம், கோழியில் வந்து நின்றுவிட்டது. சேவல் விடியுமுன்னே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றார் ஓர் உறுப்பினர். வாசலெல்லாம் எச்சம், செடி ஒன்று நிற்பதில்லை என்றார் இன்னொருவர். காலனிப் பகுதியின் பெண் உறுப்பினர் எழுந்து, தன் வார்டில் கோழி இல்லாத வீடே இல்லை, இதைத் தடுத்தால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன வழி என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். முடிவு எட்டாமல் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஊரின் பெயரை நாம் எழுதவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பாதி ஊர், பாதி நகரம். பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கடைகள், அதைத் தாண்டினால் வயல். ஒரு தெருவில் மாடி வீடுகள், அடுத்த தெருவில் ஓட்டு வீடுகள். இப்படிப்பட்ட எந்த ஊரிலும் நாளை இதே பொருள் மன்றத்துக்கு வரலாம். சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை.

முறையிடுபவர்களின் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. இரவு வேலை முடித்து அதிகாலையில் வந்து படுப்பவருக்குச் சேவல் கூவுவது தொல்லைதான். தவழும் குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் எச்சம் கிடந்தால் தாய்க்குக் கோபம் வரத்தான் செய்யும். அடுத்த வீட்டுக்காரர் காயப்போட்ட நெல்லையும் மிளகாயையும் கோழி கிளறிவிட்டால் சண்டை வரும். இந்தச் சண்டை ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் இடையில் மட்டும் நடப்பதில்லை. காலனிக்குள்ளேயே தினமும் நடக்கிறது. கோழிக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர்கள் எங்கள் தெருக்களிலும் இருக்கிறார்கள். ஆகவே கோழி வளர்ப்பில் ஒழுங்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒழுங்கு வேண்டும் என்ற இடத்தில் தடையைக் கொண்டுவந்து வைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

கோழி யாருக்கு என்னவாக இருக்கிறது?

நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை இடும். அதைச் சில ஈடுகளாக இடும். அதில் ஓர் ஈட்டை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்து, பூனை, நோய் எல்லாவற்றுக்கும் போக நாலைந்து தேறினாலும் ஐந்தாறு மாதத்தில் விலைக்கு வந்துவிடும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. மீந்த சோறு, குருணை, தவிடு, குப்பையில் கிளறித் தின்னும் புழு பூச்சி ஆகியவையே தீவனம். பிராய்லர் கறியைவிட நாட்டுக்கோழிக்கு எப்போதும் கூடுதல் விலை உண்டு.

நிலம் உள்ளவருக்கு இது சில்லறைக் காசு. நிலம் இல்லாதவருக்கு இதுதான் சேமிப்பு. கூலி வேலைக்குப் போகும் பெண்ணிடம் நகை இருக்காது, வங்கிக் கணக்கில் பணம் நிற்காது. பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டாலோ, பள்ளியில் நோட்டு வாங்கச் சொன்னாலோ, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றாலோ, ஒரு சேவலைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சந்தையில் விற்றுவிட்டு வருகிறாள். வட்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. கணவனிடம் கேட்க வேண்டியதில்லை. பஞ்சாரத்தைத் திறக்கவும் மூடவும் அவள் கையே போதும். கோழி இல்லாதவள் இன்னொருத்தியிடம் வாரத்துக்கு வாங்கி வளர்த்து, பொரிக்கும் குஞ்சில் பாதியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இந்தப் பத்தியைப் படிக்கும் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருடைய விண்ணப்பப் படிவத்துக்குப் பின்னால் அம்மா விற்ற கோழி இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

இது ஏதோ பழங்காலத்து மிச்சமும் அல்ல. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கொல்லைப்புறத்தில் வளர்க்கப்படும் கோழியினங்கள் சுமார் 31.7 கோடி. 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் இது 45 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. நாமக்கல் பண்ணைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, வீட்டுக் கோழியும் பெருகி வருகிறது என்பது கவனத்தில் படுவதில்லை.

எல்லார்க்கும் பொதுவான தடையா?

தீர்மானத்தில் சாதிப் பெயர் எதுவும் இல்லை, ஊர் முழுவதற்கும் பொதுவானதுதானே என்று கேட்பார்கள். தாளில் பொதுவாக இருப்பது தெருவில் பொதுவாக இருக்காது. சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய வீட்டின் கொல்லையில் இருபது கோழி மேய்ந்தாலும் வெளியே தெரியாது. ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனை மூன்று சென்ட், பல இடங்களில் அதைவிடக் குறைவு. மூன்று சென்ட் என்பது ஏறக்குறைய 1,300 சதுர அடி. அதில் வீடு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக மிஞ்சும் இடம் எவ்வளவு? தகப்பனுக்குக் கொடுத்த அந்த மனையில் இன்று இரண்டு மூன்று மகன்கள் குடும்பமாக இருக்கிறார்கள். அங்கே வளரும் கோழி தெருவில்தான் நிற்கும். பணியாளர் கோழி பிடிக்க வந்தால் எந்தத் தெருவுக்கு முதலில் வருவார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோழி பிடிக்க அனுப்பப்படும் அந்தப் பணியாளர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் எங்கள் மக்களே. எங்கள் தெருக் கோழியைப் பிடிக்க எங்கள் தெருப் பிள்ளையையே அனுப்புவார்கள். பகை யாருக்குள் வரும்?

ஒடுக்கப்பட்டவர் வீட்டில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று பிறர் முடிவு செய்த வரலாறு நமக்கு நெடியது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பவற்றோடு, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. இன்றைய மன்ற உறுப்பினர்களை அன்றைய ஆட்களோடு நாம் சேர்த்துப் பேசவில்லை. அது சாதியின் கட்டளை. இது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பொருள், அதில் எங்கள் உறுப்பினரும் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்த வரலாறு தெரிந்தவர்கள், ஏழை வீட்டுக்குள் இருக்கும் ஒன்றைத் தடுக்கும் தீர்மானத்தை எழுதுமுன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அசுத்தம் எங்கிருந்து வருகிறது?

தடை கேட்பவர்கள் சொல்லும் முதல் காரணம் சுகாதாரம். சரி, சுகாதாரத்தையே பேசுவோம். பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் கோழிக்கறிக் கடைகளின் குடல், இறகு, இரத்தம் எல்லாம் இரவில் எங்கே போகின்றன? மூட்டையாகக் கட்டி ஓடைக்கரையிலும், சுடுகாட்டுப் பாதையிலும், காலனிக்குப் போகும் சாலை ஓரத்திலும் கொட்டப்படுவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். நாய்கள் கூட்டம் சேருவதும் அதனால்தான். ஊர்க் குப்பைக் கிடங்குக்கு இடம் தேடும்போதெல்லாம் காலனியை ஒட்டிய புறம்போக்குத்தான் கண்ணில் படுகிறது. மழை பெய்தால் ஊர்த்தெரு வடிகாலின் தண்ணீர் தாழ்வான எங்கள் தெருவுக்கு வந்து தேங்குகிறது. அங்கே வடிகால் கேட்டுக் கொடுத்த மனுக்களை எண்ணினால் ஒரு கட்டு தேறும்.

இவ்வளவுக்கும் நடுவில் நிற்கும் பத்துக் கோழிகளைச் சுட்டிக்காட்டி, அசுத்தம் இங்கிருந்துதான் வருகிறது என்று சொன்னால் எப்படி ஏற்பது? செத்த கோழியின் கழிவைக் கொட்டுபவருக்கு நோட்டீஸ் கொடுக்காத நிர்வாகம், உயிருள்ள கோழியை வளர்ப்பவளுக்கு அபராதம் போடப் புறப்படுவது முறையா? வீட்டுக் கோழியாவது மீந்த சோற்றைத் தின்று குப்பையைக் கொஞ்சம் குறைக்கிறது.

பறவைக் காய்ச்சல் அச்சமும் சொல்லப்படுகிறது. அது பொய்யான அச்சம் இல்லை. வீட்டுக் கோழிக்கும் அந்த நோய் வரும். ஆனால் 2006 பிப்ரவரியில் இந்தியாவில் முதன்முதலாக அந்த நோய் கண்டறியப்பட்ட மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பெரும் சேதத்துக்கு உள்ளானவை அங்கிருந்த வணிகப் பண்ணைகள். நோய் வந்தால் பண்ணையென்றும் வீடென்றும் பாராமல் கட்டுப்படுத்த வேண்டியது கால்நடைத் துறையின் வேலை. அதற்காக எந்த நோயும் இல்லாத காலத்தில் வீட்டுக் கோழியை மட்டும் ஒழிப்பது மருத்துவம் ஆகாது.

அரசே கொடுக்கும் கோழி

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசே பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. அண்மை ஆண்டுகளில் நான்கு வார வயதுள்ள 40 குஞ்சுகளை 50 சதவீத மானியத்தில் கொடுக்கிறார்கள். ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் முன்னுரிமை, பயனாளிகளில் 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்பது விதி. அதாவது, ஏழைப் பெண் சொந்தக் காலில் நிற்கக் கோழி ஒரு வழி என்று அரசே ஒப்புக்கொள்கிறது. ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் அவளுக்கு மானியம். எல்லைக்கல்லைத் தாண்டிப் பேரூராட்சிக்குள் இருந்தால் அபராதம் என்றால், வறுமை எல்லைக்கல்லைப் பார்த்து நின்றுவிடுகிறதா?

பல ஊராட்சிகள் பேரூராட்சியாகத் தரம் உயர்த்தப்படுவதையும் நகராட்சிகளோடு இணைக்கப்படுவதையும் பார்த்து வருகிறோம். அந்த ஊர்களின் மக்கள், குறிப்பாகப் பெண்கள், எதிர்ப்புத் தெரிவித்ததற்கு முதன்மைக் காரணம் நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்பது. வேலையும் போய், வரியும் கூடி, கடைசியில் கோழியும் கூடாது என்றால், நகரமாவதால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன?

மன்றம் என்ன செய்யலாம்?

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 12ஆவது அட்டவணையில் 18 பொருள்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறது. பொதுச் சுகாதாரம் அதில் ஆறாவது. நலிந்த பிரிவினரின் நலன் காப்பது ஒன்பதாவது. நகர்ப்புற வறுமை ஒழிப்பு பதினொன்றாவது. ஆறாவது பொருளைப் படித்த மன்றம் ஒன்பதையும் பதினொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவற்றில் ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கைவிடச் சட்டம் சொல்லவில்லை.

எனவே தடைக்குப் பதிலாகச் சில விதிகளை அந்த மன்றத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, வீட்டுத் தேவைக்கு வளர்ப்பதையும் வியாபாரத்துக்குப் பண்ணை வைப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பண்ணைக்கு உரிமம் கேளுங்கள். வீட்டுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு போதும். அந்த எண்ணிக்கையை வளர்ப்பவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, பொழுது சாய்ந்தால் கோழிகள் கூண்டிலோ பஞ்சாரத்திலோ அடைபட வேண்டும். கூண்டு அடுத்த வீட்டுச் சன்னலை ஒட்டியும் குடிநீர்த் தொட்டியை ஒட்டியும் இருக்கக் கூடாது. எச்சத்தை அள்ளிச் செடிக்குப் போட வேண்டும். இந்தப் பொறுப்பு வளர்ப்பவருடையது. இதில் சலுகை கேட்க மாட்டோம்.

மூன்றாவது, பிப்ரவரி மாதங்களில் கால்நடைத் துறை நடத்தும் இலவசக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமைக் காலனித் தெருவிலேயே போட ஏற்பாடு செய்ய வேண்டும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் தெருக் கோழிகள் மொத்தமும் மடிந்துபோகும் என்பது வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கால்நடை மருந்தகம் எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

நான்காவது, புகார் வந்தால் முதலில் இரு வீட்டாரையும் அழைத்துப் பேச வேண்டும். பிறகு எழுத்தில் எச்சரிக்கை. அபராதம் கடைசியில்தான். கோழியைப் பறிமுதல் செய்வது எந்தக் கட்டத்திலும் கூடாது. பறிக்கப்படுவது ஒரு குடும்பத்தின் சேமிப்பு என்பதை நிர்வாகம் நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, இந்த விதிகள் நடைமுறைக்கு வருமுன் இறைச்சிக் கடைக் கழிவுக்கு வழி காண வேண்டும். காலனித் தெரு வடிகாலுக்கு மதிப்பீடு தயாரித்து மன்றத்தில் வைக்க வேண்டும்.

தீர்மானம் என்றால் சும்மா இல்லை

கோழிக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். சிறு நகர மன்றத்தின் தீர்மானம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு மகாத் நகராட்சியே சான்று. பொதுக் குளங்கள், கிணறுகள் தீண்டத்தகாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. அதை ஏற்று மகாத் நகராட்சி தன் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டுகள் அது தாளிலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய் அந்தக் குளத்தில் நீர் அருந்திய பிறகுதான் அந்தத் தாளுக்கு உயிர் வந்தது. உடனே ஆதிக்கச் சாதியினர் மக்களைத் தாக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு நடந்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் தாழ்த்தப்பட்டோர் பக்கம் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்மானம் மக்கள் கவனிக்காவிட்டால் தூங்கிவிடும், சமயம் பார்த்து ரத்தும் ஆகிவிடும் என்பதை மகாத் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. கெட்ட தீர்மானமோ தூங்காது. கவனிக்க ஆள் இல்லாத கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறும்.

கோழியைப் பற்றியே மக்கள் பேசி மாற்றிய சட்டமும் நம் மாநிலத்தில் உண்டு. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்த 2003 ஆகஸ்டில் அன்றைய அரசு உத்தரவிட்டது. முனியனுக்கும் கருப்பனுக்கும் சேவல் அறுத்துக் கும்பிடும் எளிய மக்களின் வழிபாட்டில் கைவைக்கிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பலியிடுதல் பற்றி நமக்குள்ளே வேறு கருத்துகள் இருக்கலாம். எளியவர்களின் குரல் கோட்டை வரை போய்ச் சேர்ந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கோட்டை வரை போன குரல் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகாதா?

ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூட்டப்பட்டன. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, எந்த இடத்தில் கூடியது, காலனி மக்களுக்குச் சொல்லப்பட்டதா என்று கேளுங்கள். கோழி பற்றிய பொருள் மன்றத்தில் முடிவாகுமுன், காலனியிலேயே பகுதி சபையைக் கூட்டி, கோழி வளர்க்கும் பெண்களைப் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் எது என்பதை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் கடந்த ஓராண்டின் தீர்மானப் புத்தக நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அதில் உங்கள் தெருவின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, எதற்காக வருகிறது என்று குறித்து, அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். படித்த பிள்ளை தெருவுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான்.

2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தனித் தொகுதிகளிலிருந்து எத்தனையோ பெண்கள் வென்று மன்றத்துக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டதால்தான் அந்தப் பேரூராட்சியில் கோழிப் பொருள் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அவர் கேட்டபோது சிலர் சிரித்தார்கள். அடுத்த கூட்டம் நடக்கும் நாளில் அவருடைய வார்டுப் பெண்கள் தங்கள் கோரிக்கை மனுவோடு அலுவலக வாசலில் நிற்க வேண்டும். அதற்கான நாளையும் நேரத்தையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.